கோட் டோர்: மண்ணும் ஆண்டும்

பிரான்சின் கிழக்கில் உள்ள பர்கண்டிப் பகுதியில், டிஜோன் நகரின் தெற்கு விளிம்பில் தொடங்கும் ஒரு மலைச்சரிவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே ஓடி, சாந்தனே கிராமத்தைத் தாண்டி முடிகிறது. கோட் டோர் என்பது அதன் பெயர். பொற்சரிவு என்று பொருள் சொல்வார்கள். அறுவடை முடிந்து இலைகள் மஞ்சளாகும் நாட்களில் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. கிழக்கு நோக்கிய சரிவு என்பதைக் குறித்த சொல்லே தேய்ந்து இப்படி ஆயிற்று என்று வாதிடுவோரும் உண்டு. மலை என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. அடிவாரத்திலிருந்து தோட்டங்களின் மேல் எல்லை வரை ஏறினால் நூற்றைம்பது மீட்டர் உயரம் இருக்கும், அவ்வளவுதான். திராட்சை விளையும் பட்டை சில இடங்களில் அரை கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. காலையில் டிஜோனில் சைக்கிள் எடுப்பவர் பொழுது சாய்வதற்குள் முழுச் சரிவையும் கடந்துவிடலாம்.

இங்கு விளையும் பேர்பெற்ற சிவப்பு ஒயின் ஒரே ஒரு திராட்சை ரகத்தால் ஆனது: பினோ நுவார். போர்தோ பகுதியில் கபெர்னே, மெர்லோ என இரண்டு மூன்று ரகங்களைச் சேர்ப்பார்கள். ஒன்று காலை வாரினால் இன்னொன்று கைகொடுக்கும். ஷாம்பேனில் பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து எப்போதும் ஒரே சுவை வரும்படி பார்த்துக்கொள்வார்கள். கோட் டோரில் இந்த இரண்டு வழிகளும் அடைபட்டவை. ஒரே ரகம், ஒரே ஆண்டு, முடிந்தவரை ஒரே துண்டு நிலம் என்பதுதான் இங்குள்ள வழக்கம். மழை கெடுத்த ஆண்டை வெயில் காய்ந்த ஆண்டால் மறைக்க முடியாது. புட்டியின் மேல் ரகத்தின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நிலத்தின் பெயரும் ஆண்டும் இருக்கும். வாங்குபவர் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டியவை அந்த இரண்டும்தான்.

நிலத்தைப் படிப்பது எளிது, நின்று பார்த்தாலே போதும். டிஜோனிலிருந்து தெற்கே போகும் 974ஆம் எண் சாலை தரத்தைக் கோடு கிழித்துக் காட்டுகிறது. சாலைக்குக் கிழக்கே சோன் ஆற்றுச் சமவெளி: ஆழமான களிமண், தண்ணீர் தேங்கும். அங்கே திராட்சை போட்டால் சாதாரண ஒயின் வரும். மேற்கே நிலம் மெல்ல எழும்புகிறது. முதலில் ஊரின் பெயரை மட்டும் தாங்கும் தோட்டங்கள், அதற்கு மேலே ‘பிரமியே க்ரூ’ எனும் முதல்தர நிலங்கள், சரிவின் இடுப்பில் ‘கிராண்ட் க்ரூ’ எனும் உச்சத் தரம். இன்னும் மேலே போனால் மண் மெலிந்து பாறை எட்டிப் பார்க்கிறது, குளிர் கூடுகிறது, தரம் மறுபடி இறங்குகிறது. உச்சியில் காடு. பர்கண்டி முழுவதிலும் கிராண்ட் க்ரூ தகுதி 33 பெயர்களுக்குத்தான் உண்டு. மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு 1 சதவீத அளவில் நிற்கிறது.

இந்த அடுக்கு மண்ணுக்கு அடியில் தொடங்குகிறது. ஜுராசிக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சிப்பியும் கடல்லில்லி எச்சங்களும் சுண்ணாம்புப் பாறையாயின. இடையிடையே சுண்ணாம்பும் களியும் கலந்த மிருதுவான அடுக்குகள் அமைந்தன. பின்னால் நிலம் பிளந்து, சோன் சமவெளி கீழே இறங்க, உடைந்த விளிம்பு சரிவாக நின்றது. அடுக்கு உடைந்த இடங்களில் ஐம்பது அடி நடந்தாலே காலடியில் வேறொரு பாறை. நுயி-சான்-ஜோர்ஜ் ஊருக்குத் தெற்கே கோம்ப்ளான்ஷியான் என்ற இடத்தில் அந்தப் பாறையை வெட்டியெடுக்கும் குவாரிகளைப் பயணி பார்க்கலாம். பளிங்குபோல மெருகேறும் கல் அது. சரிவைக் குறுக்கே கிழித்து வரும் சிறு பள்ளத்தாக்குகளை ‘கோம்ப்’ என்கிறார்கள். இரவில் மலைமேலிருந்து குளிர்காற்று அவற்றின் வழியே இறங்குகிறது. கோம்பின் வாயிலில் உள்ள தோட்டமும் இருநூறு மீட்டர் தள்ளி ஒதுக்குப்புறமாக உள்ள தோட்டமும் ஒரே நாளில் பழுப்பதில்லை.

இப்படிப் பிரிந்து, எல்லையும் பெயரும் பெற்ற ஒவ்வொரு துண்டுக்கும் ‘க்ளிமா’ என்று பெயர். பிரெஞ்சு மொழியில் தட்பவெப்பத்தைக் குறிக்கும் அதே சொல் பர்கண்டியில் வயல்துண்டைக் குறிக்கிறது. மொத்தம் 1,247 க்ளிமாக்கள். 2015 ஜூலையில் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்: கல் வெட்டி எடுத்த இடம் ‘பெரியேர்’, பரல்மண் உள்ள இடம் ‘கிரேவ்’, சுற்றுச்சுவர் கட்டிய தோட்டம் ‘க்ளோ’. நம் ஊரில் கல்லாங்காடு, மணக்காடு என்று வயலுக்குப் பெயர் வைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அந்தப் பெயர்களின் விலை ஊர்களுக்கும் தெரிந்திருந்தது. ஜெவ்ரே என்ற ஊர் தன்னிடமுள்ள புகழ்பெற்ற ஷாம்பெர்தான் தோட்டத்தின் பெயரை 1847இல் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஜெவ்ரே-ஷாம்பெர்தான் ஆயிற்று. அக்கம்பக்கத்து ஊர்கள் சும்மா இருக்குமா? ஷாம்போல், வோன், புலிஞி என வரிசையாக எல்லாம் அதையே செய்தன.

துண்டுகளைப் பிரித்தறிந்ததில் துறவிகளின் பங்கு பெரியது. சித்தோ மடம் 1098இல் சமவெளியில் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதன் சிஸ்டர்சியன் துறவிகள் வூஜோ கிராமத்தில் நிலம் பெற்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். க்ளோ த வூஜோ என்ற அந்தத் தோட்டம் இன்றும் அதே சுவருக்குள் 50 ஹெக்டேராக, அதாவது சுமார் 125 ஏக்கராகக் கிடக்கிறது. துறவிகள் மண்ணை நாவில் வைத்துச் சுவைத்து எல்லை போட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்பத் தேவையில்லை. ஒரே நிலத்தில் ஒரே பயிரை ஏறக்குறைய 700 ஆண்டு விடாமல் செய்து, கணக்கும் எழுதி வைத்தவர்களுக்கு நாக்கில் மண் வைக்காமலே வித்தியாசம் தெரிந்திருக்கும்.

பிரெஞ்சுப் புரட்சி மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டது. அதன்பின் வந்த நெப்போலியன் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்றது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிக்கொண்டே போயிற்று. ஒரே கையில் இருந்த க்ளோ த வூஜோவுக்கு இன்று 80க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். சிலரிடம் சில வரிசைக் கொடிகள் மட்டுமே. வாங்குபவருக்கு இது பெரிய தலைவலி. சுவருக்குள் இருப்பதெல்லாம் சட்டப்படி கிராண்ட் க்ரூ. மேல்முனையில் மெல்லிய சரளை மண், கீழே சாலையோரத்தில் மழைக்குத் தண்ணீர் தேங்கும் களி. எல்லாவற்றுக்கும் ஒரே தகுதி தந்தது சுவருக்குக் காட்டிய மரியாதையே தவிர மண்ணுக்குக் காட்டியது அல்ல. ஆனால் இந்தத் துண்டாடலால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒரே க்ளிமாவில், ஒரே ஆண்டில், ஒரே ரகத்தைப் பல கைகள் ஒயினாக்குகின்றன. எது நிலத்தின் குணம், எது ஆண்டின் குணம், எது செய்தவர் கைப்பக்குவம் என்று பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் வேறில்லை.

மண் ஒயினுக்குள் எப்படி வருகிறது என்பதில் கட்டுக்கதை அதிகம். சுண்ணாம்புக் கல்லின் சுவை கொடி வழியாகப் பழத்துக்கு ஏறுகிறது என்பார்கள். வேர் உறிஞ்சும் தாது உப்புகளின் அளவு நாக்குக்கு எட்டாதது. மண்ணின் வேலை வேறு. மழைநீரை எவ்வளவு வேகமாக வடியவிடுகிறது, வறட்சியில் எவ்வளவு மிச்சம் வைத்திருந்து தருகிறது, பகல் வெப்பத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்பவையே பழத்தின் பருமனையும் தோலின் தடிமனையும் பழுக்கும் நாளையும் முடிவு செய்கின்றன. போர்தோ பகுதியில் கொர்னேலிஸ் ஃபான் லேவன் தலைமையில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்டின் தட்பவெப்பம், மண், ரகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. பெரும்பாலான அளவுகளில் தட்பவெப்பத்தின் பாதிப்பே முதலிடம் பெற்றது. மண் அதற்கு அடுத்தது. இரண்டும் பெரும்பாலும் கொடிக்குக் கிடைக்கும் நீரின் வழியாகவே வேலை செய்கின்றன என்பதும் அதில் தெரிந்தது. ஆக, மண்ணும் ஆண்டும் தனித்தனிக் கதைகள் அல்ல. மழையை ஆண்டு தருகிறது. எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை மண் முடிவு செய்கிறது.

இந்த வேறுபாடுகளைக் காட்டிக்கொடுக்கும் தன்மை பினோ நுவாருக்கு உண்டு. 1395இல் பர்கண்டியின் கோமகன் ஃபிலிப், காமே என்ற ரகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். காமே அள்ளிக் கொடுக்கும். பினோ அளந்து கொடுக்கும். விவசாயிகள் காமேயை விரும்பியதில் வியப்பில்லை. பினோவின் தோல் மெல்லியது, நிறப்பொருள் குறைவு, குலை நெருக்கமாக இருப்பதால் மழை பெய்தால் உள்ளே அழுகும். வசந்தத்தில் சீக்கிரம் துளிர்ப்பதால் உறைபனிக்குச் சிக்கும். வெயில் கூடினால் வேகவைத்த பழச்சுவை ஏறிவிடும். இத்தனை குறையும் சேர்ந்துதான் அதன் பெருமை. தடித்த தோல் ரகங்கள் தாங்கிக்கொண்டு மறைத்துவிடுவதைப் பினோ மறைப்பதில்லை.

ஆண்டு தொடங்குவது குளிர்காலத்தில். கொடி இலையுதிர்த்து உறங்கும்போது கவாத்து நடக்கிறது. ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கொடிகள், ஏறக்குறைய சதுர மீட்டருக்கு ஒன்று. போன வருடக் கிளைகளை வெட்டி, கொடிக்குச் சில மொட்டுகளை மட்டும் விட்டு, வெட்டிய குச்சிகளைச் சக்கரம் வைத்த இரும்புத் தொட்டியில் போட்டு அங்கேயே எரிப்பார்கள். ஜனவரியில் வருபவருக்குச் சரிவு முழுவதும் ஆங்காங்கே நீலப்புகை தெரியும். இந்தக் குளிர்கால உறக்கம்தான் ‘ஆண்டு’ என்ற ஒன்றையே உண்டாக்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படுவது. அங்கே குளிர்காலம் கிடையாது. கவாத்து செய்யும் காலத்தை மாற்றி வைத்தால் வருடத்தில் ஒருமுறைக்கு மேல் பறிக்கலாம். கோட் டோரில் ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஏப்ரலில் மொட்டு விரிகிறது. பயமும் கூடவே வருகிறது. 2016 ஏப்ரல் 26ஆம் தேதி இரவு ஈரக்காற்றோடு உறைபனி இறங்கியது. விடிந்ததும் மேகமற்ற வெயில் பனி ஒட்டிய தளிர்மேல் பட்டுப் பொசுக்கிவிட்டது. ஷாம்போல்-முசிஞி, மர்சானே உள்ளிட்ட ஊர்களில் பெரும் இழப்பு. அடுத்த ஆண்டு அதே வாரத்தில் மீண்டும் உறைபனி எச்சரிக்கை வந்தபோது விவசாயிகள் விடியற்காலையில் ஈர வைக்கோல் கட்டுகளைக் கொளுத்தினார்கள். சூடேற்றுவதற்காக அல்ல, காலை வெயிலைப் புகையால் மறைப்பதற்காக. ஊர் ஊராகக் கூடிச் செய்ததால் 2017 தப்பியது. 2021 ஏப்ரலில் மூன்று இரவுகள் தொடர்ந்து அடித்த உறைபனிக்கு மெழுகுவர்த்திகளும் புகையும் ஈடுகொடுக்கவில்லை. முன்னதாகவே துளிர்த்திருந்த வெள்ளைத் திராட்சைக்கு அடி பலமாக விழுந்தது.

ஜூனில் பூக்கிறது. பூத்த நாளிலிருந்து நூறு நாளில் பறிப்பு என்பது பழைய கணக்கு. பூக்கும் வாரத்தில் குளிரும் மழையும் இருந்தால் பல பூக்கள் பிஞ்சாகாமல் உதிரும். சில பிஞ்சுகள் விதையின்றிச் சுண்டுவிரல் நகமளவில் நின்றுவிடும். விளைச்சல் குறையும். ஆனால் சின்னப் பழத்தில் சாற்றைவிடத் தோலின் பங்கு அதிகம், ஒயின் செறிவாகும். 2010இல் நடந்தது இதுதான். முந்தைய டிசம்பரில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி அளவுக்கு இறங்கித் தாழ்வான இடங்களில் கொடிகளையே கொன்றது. பூப்பும் சரியில்லை. கோடை சுமார். அந்த ஆண்டில் யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. பீப்பாயிலிருந்து வெளிவந்த ஒயினோ தெளிவும் நெடுநாள் தாங்கும் புளிப்புமாக, அந்தப் பத்தாண்டின் சிறந்தவற்றில் ஒன்றானது. வானிலை அட்டவணையை மட்டும் பார்த்து ஆண்டுக்கு மதிப்பெண் போடுவோருக்கு 2010 நல்ல பாடம்.

கோடையில் ஆலங்கட்டி மழை ஒரு பக்கம், பூஞ்சை மறுபக்கம். பொமார், வோல்நே ஊர்களைச் சுற்றி 2012, 2013, 2014 என மூன்று ஆண்டு தொடர்ந்து ஆலங்கட்டி அடித்தது. சரிவின் தெற்குப் பாதியில் பல குடும்பங்களின் நிலவறை பாதி காலியாகக் கிடந்த காலம் அது. மழை ஓயாத கோடையில் அடிச்சாம்பல் நோய் இலையையும் குலையையும் பிடிக்கும். 2024 அப்படிப்பட்ட ஆண்டு. மருந்து அடித்தால் அடுத்த மழை கழுவிவிடும். மண் சேறாகி டிராக்டர் இறங்காது. அந்த ஆண்டின் சிவப்பு ஒயின் அளவில் மிகக் குறைவு.

ஆகஸ்டில் பச்சைப் பழம் நீலக்கருப்பாக மாறுகிறது. அதிலிருந்து பறிக்கும் நாள் வரை மூன்று கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. சர்க்கரை ஏறுகிறது, லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்து 1 சதவீத மதுச்சாரமாகும். புளிப்பு இறங்குகிறது, இரவும் வெப்பமாக இருந்தால் மாலிக் அமிலம் வேகமாகக் கரைந்துபோகும். தோலும் விதையும் முற்றுகின்றன. முற்றாத விதையின் துவர்ப்பு பிஞ்சு வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கைப் பிடிக்கும். இதமான ஆண்டில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். வெப்பமான ஆண்டில் சர்க்கரை முந்தி ஓட, விதை பின்தங்கும். குளிர்ந்த ஆண்டில் புளிப்பு இறங்க மறுக்கும், இதற்குள் மழை வந்துவிடும். பறிக்கும் நாளை முடிவு செய்வதுதான் ஓராண்டில் ஒயின் செய்பவர் எடுக்கும் மிகப்பெரிய முடிவு. காலையில் தோட்டத்துக்குப் போய்ப் பழத்தை வாயிலிட்டு, விதையைப் பல்லால் நெரித்துப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆய்வுக்கூட அறிக்கை கையில் இருந்தாலும்.

நல்ல தோட்டங்களில் கையால்தான் பறிக்கிறார்கள். கிராண்ட் க்ரூ நிலத்தில் அனுமதிக்கப்பட்ட விளைச்சலைக் கொடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கொடிக்கு அரைப் புட்டிதான் வரும். பழம் வந்ததும் பிரிப்பு மேசையில் அழுகலும் காயும் கழிக்கப்படும். பிறகு முதல் கேள்வி: காம்பை நீக்குவதா, குலையோடு போடுவதா? காம்பு மணத்தையும் ஒருவித முறுக்கையும் தரும், கொஞ்சம் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். காம்பு பச்சையாக இருந்தால் ஒயினில் பச்சைக் கசப்பு ஏறும். ஆகவே குளிர்ந்த ஆண்டில் குறைத்தும் வெயில் ஆண்டில் கூட்டியும் போடுவோர் உண்டு. வோன்-ரோமனேயின் ஆன்ரி ஜாயே எந்த ஆண்டானாலும் காம்பை முழுக்க நீக்கினார். 2006இல் மறைந்த அவர், போர்க்காலத்தில் கிழங்கு விளைந்துகொண்டிருந்த க்ரோ பாரான்தூ என்ற கைவிடப்பட்ட துண்டு நிலத்தில் வெடி வைத்துப் பாறை உடைத்துக் கொடி நட்டவர். அந்தச் சின்னத் துண்டின் பெயர் இன்று உலகம் முழுவதும் தெரியும்.

பழம் தொட்டியில் சில நாள் குளிரில் ஊறும். நிறமும் மணமும் மதுச்சாரத்தின் உதவியின்றி இறங்கும். பிறகு நொதிப்பு. தோட்டத்திலும் நிலவறையிலும் வாழும் ஈஸ்ட்டே போதும் என்று பலரும் எதையும் சேர்ப்பதில்லை. தொட்டி 30 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். கரியமில வாயு தோல்களை மேலே தள்ளிக் கெட்டியான மூடிபோல நிறுத்தும். அதை அவ்வப்போது சாற்றுக்குள் அமுக்கிவிட வேண்டும். முன்பு ஆட்களே உடைகளைக் களைந்து தொட்டிக்குள் இறங்கி மிதித்தார்கள். வாயு மூச்சடைத்து இறந்தவர்களும் உண்டு. எத்தனை முறை அமுக்குவது என்பதிலும் ஆண்டு பேசும். தோல் முற்றிய ஆண்டில் அதிகம் அமுக்கினால் துவர்ப்பு மிஞ்சிவிடும். குளிர்ந்த ஆண்டில் சர்க்கரை சேர்த்து மதுச்சாரத்தை உயர்த்தும் பழக்கம் நெப்போலியனின் அமைச்சராக இருந்த வேதியியலாளர் ஷாப்தாலின் பெயரால் வழங்குகிறது. சட்டம் ஓர் அளவுக்கு அனுமதிக்கிறது. இப்போது அதற்குத் தேவை அருகி வருகிறது.

இரண்டு மூன்று வாரத்தில் ஒயின் வடிக்கப்பட்டு, 228 லிட்டர் கொள்ளும் ஓக் மரப்பீப்பாய்க்குப் போகிறது. ஒரு பீப்பாய்க்குச் சுமார் 300 புட்டிகள். அங்கே பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தின் கூர்மையான புளிப்பைத் தயிரில் உள்ளதுபோன்ற மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். நிலவறை குளிராக இருந்தால் இந்த மாற்றம் வசந்தம் வரை இழுக்கும். ஒரு வருடம் அல்லது ஒன்றரை வருடம் கழித்துப் புட்டியில் அடைக்கிறார்கள். புதிய ஓக்கின் விகிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். புது மரம் வனிலா, புகை மணத்தை ஏற்றும். அது மிகுந்தால் பக்கத்துத் தோட்டமும் போன ஆண்டும் எல்லாம் ஒரே மணமாகிவிடும். 1980, 90களில் அப்படிச் செய்து நல்ல விலை பெற்றவர்கள் பலர். அந்த ஒயின்களில் மரக்கடை தெரிந்தது, மண் தெரியவில்லை.

வோன்-ரோமனே ஊரின் மேலே, ஒரு கல் சிலுவைக்குப் பின்னால் ரோமனே-கோந்தி கிடக்கிறது: 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர். கொடிகளுக்குள் இறங்க வேண்டாம் என்று பலகை கேட்டுக்கொள்கிறது. பர்கண்டியின் மற்ற தோட்டங்களை ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழித்தபோது பெரும்பாலோர் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டிப் பிழைத்தார்கள். இந்தத் தோட்டமோ மண்ணில் ரசாயனம் செலுத்திப் பழைய கொடிகளையே 1945 வரை காத்தது. அந்த ஆண்டின் சிறு விளைச்சலோடு கொடிகள் பிடுங்கப்பட்டன. அடுத்த ரோமனே-கோந்தி 1952இல்தான் வந்தது. 1945ஆம் ஆண்டின் ஒரு புட்டி 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போயிற்று. அந்த விலைக்கும் சுவைக்கும் தொடர்பு தேடுவது வீண்வேலை.

ஆண்டின் குணத்தை நாக்கில் அறிய இவ்வளவு செலவு வேண்டாம். ஒரே ஊரின், ஒரே கையின் இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்தால் போதும். ஐரோப்பாவையே வெயில் வாட்டிய 2003இல் பறிப்பு ஆகஸ்டில் தொடங்கியது. கருத்த நிறம், ஜாம் போன்ற இனிப்பு மணம், குறைந்த புளிப்பு. க்ளிமாக்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை வெயில் அழித்துவிட்டதாகப் பலர் குறைப்பட்டார்கள். 2010இல் செர்ரி போன்ற கூர்மை, வெளிர்ந்த நிறம், ஒவ்வொரு தோட்டமும் தனித்தனி. மேல்சரிவும் கோம்ப் வாயில்களும் குளிர் என்று முன்பு ஒதுக்கப்பட்டவை. வெயில் ஆண்டுகளில் அவையே நல்ல ஒயினைத் தருகின்றன. நூறாண்டுக்கு முன் வரையப்பட்ட தரவரிசை குளிர்ந்த காலத்தின் தரவரிசை என்பது மெல்லப் புரிந்து வருகிறது.

அந்தக் காலம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்குச் சரிவின் நடுவில் உள்ள போன் நகரமே சான்று. நகர ஆவணங்களிலிருந்து 1354 முதல் 2018 வரை அங்கே திராட்சை பறிக்கத் தொடங்கிய நாட்களை தொமா லாபே முதலான ஆய்வாளர்கள் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். 1354 முதல் 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28இல் தொடங்கிய பறிப்பு, 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. கடும் வெயிலும் வறட்சியும் முன்பு எப்போதோ வரும் விதிவிலக்காக இருந்தன. இப்போது அவை வழக்கம். ஆறரை நூற்றாண்டு வானிலையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பதிவை ஒரு பயிரின் அறுவடை நாள் தந்திருப்பது வியப்புக்குரியது.

போன் நகரின் நடுவே வண்ண ஓடு வேய்ந்த கூரையோடு நிற்கும் பழைய மருத்துவமனையைப் பார்க்காமல் பயணம் முடியாது. அன்றைய பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலான் 1443இல் நிறுவியது, 1971 வரை நோயாளிகள் படுத்திருந்தார்கள், இப்போது அருங்காட்சியகம். நூற்றாண்டுகளாகத் தானமாக வந்த சுமார் 60 ஹெக்டேர் தோட்டம் அதற்கு உண்டு. அந்தத் தோட்டத்தின் புது ஒயின் 1859 முதல் பீப்பாய் பீப்பாயாக ஏலம் போகிறது. வழக்கமாக நவம்பரின் மூன்றாம் ஞாயிறு. பறித்து இரண்டு மாதமே ஆன, இன்னும் முழுதாகத் தெளியாத ஒயின். வாங்குபவர் அதை ஒரு நிலவறையில் விட்டு வளர்க்க வேண்டும். ஓராண்டைப் பற்றி ஊர் சொல்லும் முதல் விலை இந்த ஏலத்தில்தான் தெரியவரும்.

பாரிசிலிருந்து டிஜோனுக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அங்கிருந்து போன் நகருக்கு இருபது நிமிடம். ஏலத்தைக் காண விரும்புவோர் நவம்பருக்கு அறையை நிச்சயமாக முன்பதிவு செய்துகொள்ளலாம். அறுவடையைக் காண விரும்புவோருக்கு அந்த நிச்சயம் கிடையாது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பிச் செப்டம்பர் கடைசியில் போனால் காய் நீங்கிய வெறுங்கொடிகள்தான் இருக்கும். ஜூனில் பூ எப்போது பூத்தது என்று கேட்டு, நூறு நாளுக்குச் சற்றுக் குறைவாக எண்ணிக்கொண்டு கிளம்புவது நல்லது.